இரட்சிப்பின் நிச்சயம்: உறுதி எங்கே பதிவாகியிருக்கிறது?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ‘உறுதி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது காணி உறுதி. நொத்தாரிசு எழுதி, இரண்டு சாட்சிகள் கையொப்பம் வைத்து, காணிப் பதிவகத்தில் பதிவாகிற கடதாசி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடி, கல்லடி, கல்முனைக் கரைகளில் வீட்டுப் பெட்டகங்களோடு கடல் இழுத்துப்போனவற்றில் அந்தக் கடதாசிகளும் உண்டு. ஆனால் கடதாசி தொலைந்ததால் காணி இன்னொருவருடையதாகிவிடுவதில்லை. பதிவு இருந்தால் போதும், பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்தவர்கள் ‘இரட்சிப்பின் நிச்சயம்’ என்று சொல்வதை விளங்கிக்கொள்ள இந்த உறுதியே நல்ல கைப்பிடி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காணி யாருடையது என்பது ஒன்று. அது தன்னுடையது என்று அவருக்கே தெரியுமா என்பது மற்றது. முதலாவது இரட்சிப்பு, இரண்டாவது இரட்சிப்பின் நிச்சயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அநேகம் பேர் வருடக்கணக்காக நிம்மதி இல்லாமல் திரிகிறார்கள். ‘எனக்கு நிச்சயம் தோன்றவில்லை, ஆகவே நான் இரட்சிக்கப்படவில்லை’ என்று அவர்கள் முடிவுகட்டுவது, ‘உறுதியைக் காணவில்லை, ஆகவே வளவு எனதில்லை’ என்பது போன்றது.

இந்தப் பிரிப்பு நாம் வசதிக்காகப் போட்டதல்ல. யோவானின் முதலாம் நிருபத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்தே அதிகாரம், 105 வசனம், ஒரே இருப்பில் அரை மணி நேரத்துக்குள் வாசித்துவிடலாம். எதற்காக எழுதினேன் என்பதை 5:13இல் அவரே சொல்கிறார்: தேவகுமாரன்மேல் ஏற்கனவே விசுவாசமாயிருக்கிறவர்கள், தங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று அறிந்துகொள்வதற்காக. விசுவாசம் உள்ளவருக்கும் அந்த அறிவு குறைவாக இருக்கலாம் என்பது இதில் தெரிகிறது. இல்லாவிட்டால் அவர்களுக்கு ஏன் எழுதவேண்டும்?

நன்கொடை உறுதியும் பெர்மிட் காணியும்

பெண்பிள்ளைக்குக் கல்யாணத்தோடு தாய் தகப்பன் வீட்டை எழுதிக்கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அது நன்கொடை உறுதி. பிள்ளை காசு கொடுப்பதில்லை. ஆனால் எழுதினால் மட்டும் காணாது. பெறுகிறவர் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். விசுவாசம் என்பது அந்த ஏற்றுக்கொள்ளல்தான். அது வீட்டின் விலையல்ல. எபேசியர் 2:8-9 இதைத்தான் சொல்கிறது: இரட்சிப்பு கிருபையினாலே வருகிறது, விசுவாசத்தைக்கொண்டு பெறப்படுகிறது, கிரியைகளினால் உண்டாவதல்ல. விலை சிலுவையில் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதே கிறிஸ்தவ நற்செய்தி.

பெர்மிட் காணி வேறு மாதிரி. குடியேற்றத் திட்டங்களில் கிடைத்தது, நிபந்தனைகள் இருக்கும், மீறினால் அனுமதிப்பத்திரம் ரத்தாகலாம். வாயால் கிருபை என்று சொல்லிக்கொண்டு, மனதுக்குள் இரட்சிப்பைப் பெர்மிட் காணியாக வைத்திருக்கிற விசுவாசிகள் நிறைய. இந்த வாரம் ஜெபம் ஒழுங்காக நடந்தால் நிம்மதி, பிள்ளையை ஏசிவிட்டால் பயம், ஒரு ஞாயிறு ஆராதனை தவறினால் ரத்துக் கடிதம் வருமோ என்ற கலக்கம். இந்த மனநிலை மாறாதவரை நிச்சயத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டும் பிரயோசனம் குறைவு.

சமாதானத்தில் இரண்டு வகை

‘சமாதானம்’ என்ற சொல் எங்களுக்குச் செய்தியில் கேட்டுப் பழகியது. பேச்சுவார்த்தை, உடன்படிக்கை, துவக்குகள் ஓய்வது. ரோமர் 5:1இல் பவுல் சொல்கிற சமாதானம் இந்த வகை. விசுவாசத்தினால் நீதிமான்களாக்கப்பட்டவர்களுக்கு தேவனோடு இருந்த பகை முடிந்துவிட்டது. அது ஒரு நிலைமை, உணர்ச்சியல்ல. பிலிப்பியர் 4:7இல் வருவது வேறு: இருதயத்தையும் சிந்தையையும் காக்கிற தேவசமாதானம். உள்ளே உணரப்படுவது அதுதான்.

சண்டை முடிந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் பட்டாசு வெடித்தால் நெஞ்சு படபடக்கிற ஆட்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். சண்டை முடிந்தது உண்மை. உடம்பு அதைப் பழக இன்னும் காலம் எடுக்கிறது. தேவனோடு சமாதானம் ஆனவருக்குள்ளும் பழைய பயம் இப்படித்தான் கொஞ்சக் காலம் நடமாடும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு ஆலயத்துக்குள் கால்வைக்க நடுங்கியவர்களை அவிசுவாசிகள் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த வேறுபாடு விளங்கவில்லை என்று அர்த்தம்.

முதல் வகை இரண்டாவதுக்கு அத்திவாரம். அநேகர் தலைகீழாகப் போகிறார்கள்: மனம் அமைதியானால்தான் தேவன் என்னை ஏற்றுக்கொண்டார் என்று நம்புவேன் என்கிறார்கள். அமைதி வந்து போகிறது. நம்பிக்கையும் அதோடு சேர்ந்து வந்து போகிறது.

மூன்று சாட்சிகள், ஒரு வரிசை

நிச்சயம் எங்கிருந்து வருகிறது? வேதாகமத்தில் மூன்று இடம் காட்டப்படுகிறது. முதலாவது வாக்குத்தத்தம்: தம்மிடத்தில் வருகிறவனைப் புறம்பே தள்ளுவதில்லை என்று இயேசு சொன்னது (யோவான் 6:37), தம் ஆடுகளை ஒருவனும் தம் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்றது (யோவான் 10:28). இரண்டாவது பரிசுத்த ஆவியானவர் உள்ளே தருகிற சாட்சி (ரோமர் 8:16). மூன்றாவது வாழ்க்கையில் தெரிகிற கனி: சகோதரரிடத்தில் அன்பு வந்திருக்கிறதா (1 யோவான் 3:14), பாவம் முன்பு இனித்ததுபோல் இப்போதும் இனிக்கிறதா.

வரிசை முக்கியம். பாரம் தாங்குவது வாக்குத்தத்தம் மட்டும். மற்ற இரண்டும் துணைச் சாட்சிகள். கனியை முதலாவதாக வைத்தால் நல்ல மனச்சாட்சி உள்ளவர் நொந்துபோவார், மனச்சாட்சி மழுங்கியவர் பெருமைப்படுவார். உள்ளுணர்வை முதலாவதாக வைத்தால் பாட்டு நன்றாகப் பாடிய ஞாயிறு இரட்சிப்பு உண்டு, காய்ச்சலில் படுத்த செவ்வாய் இல்லை என்றாகிவிடும். கனியைப் பார்க்கவே வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. இரட்சிக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டு பக்கத்து வளவு வேலியை இரவோடிரவாக நகர்த்துகிறவருக்கு யோவானின் நிருபம் ஆறுதல் சொல்லாது, எச்சரிக்கும்.

விசுவாசம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது அடுத்த கேள்வி. கடுகளவு என்பதே இயேசு சொன்ன அளவு. மாற்கு 9:24இல் வருகிற தகப்பன் ‘விசுவாசிக்கிறேன்’ என்றும் ‘என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்’ என்றும் ஒரே மூச்சில் சொல்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானான். பழைய தோணியில் பயந்துகொண்டு ஏறுகிறவரும் துணிந்து ஏறுகிறவரும் ஒன்றாகத்தான் வாவியைக் கடக்கிறார்கள். கரைசேர்ப்பது தோணியின் பலம்.

சபைக்குச் சபை வேறுபடுகிற இடம்

எங்கள் நாட்டுச் சட்டத்தில் ஒரு சுவையான வாசல் இருக்கிறது. ரத்துச் செய்ய முடியாதது என்று எழுதிய நன்கொடை உறுதியைக்கூட, பெற்றவர் பெரும் நன்றிகேடு காட்டினால், கொடுத்தவர் நீதிமன்றம் போய் ரத்துச் செய்யக் கேட்கலாம். 2017இல் அதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது. இரட்சிப்பில் அப்படி நடக்குமா?

பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கல்வினின் வழிவந்த சபைகள் ‘இல்லை’ என்கின்றன. தேவன் தெரிந்துகொண்டவர்கள் கடைசிவரை காக்கப்படுவார்கள். ஆனாலும் அந்த மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே, மெய்யான விசுவாசி ஒருவர் நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருக்க நேரிடலாம் என்று ஒத்துக்கொள்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் போதகர் ஜோன் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்தர், கொடுத்தவர் பறிக்கமாட்டார், ஆனால் பெற்றவர் தானாகவே கையைவிட்டுப் போகலாம் என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவையும் இந்தப் பக்கம்தான்.

கத்தோலிக்கத் திருச்சபை ‘நிச்சயம்’ என்ற சொல்லை அளந்து பேசுகிறது. தெய்வீகச் சிறப்பு வெளிப்பாடு இல்லாமல், இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று ஒருவர் தவறாத நிச்சயத்தோடு சொல்ல முடியாது என்பது 1547இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் எடுத்த முடிவு. அதற்குப் பதிலாக அவர்கள் சொல்வது எதிர்நோக்கு: இறைவனின் இரக்கத்தில் முழு நம்பிக்கை, தன்னைப் பற்றித் தாழ்மை. நீ அருள்நிலையில், அதாவது கடவுளின் அருளுக்குள், இருக்கிறாயா என்று 1431இல் நீதிபதிகள் பொறிவைத்துக் கேட்டபோது பிரெஞ்சுப் புனிதை ஜோன் ஆஃப் ஆர்க் சொன்ன பதிலைத் திருச்சபையின் மறைக்கல்வி எடுத்துக்காட்டுகிறது: இல்லாவிட்டால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் என்னை அதில் வைத்திருப்பாராக. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரின் வாயிலிருந்து மன்னிப்புச் சொல்லைக் காதால் கேட்பது கத்தோலிக்கருக்குக் கிடைக்கிற கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம். அதை மற்றச் சபையார் இலேசாக எண்ணக்கூடாது. 1999 ஒக்டோபர் 31இல் லூதரன் உலக ஒன்றியமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, தன் பலவீனத்தைப் பார்க்கிறபோது விசுவாசி கலங்கலாம், கிறிஸ்துவின் வாக்கைப் பார்க்கிறபோது உறுதிகொள்ளலாம் என்ற அளவில் இரு பக்கத்தையும் ஒன்றாக நிற்கவைத்தது. 2006இல் மெதடிஸ்தரும் அதில் சேர்ந்தார்கள். தொடக்க நிலையில் உள்ளவர் இந்த வாதத்தில் பக்கம் எடுக்க அவசரப்படத் தேவையில்லை. கிறிஸ்துவைப் பார் என்ற இடத்தில் எல்லாரும் ஒரே கையைத்தான் நீட்டுகிறார்கள்.

எங்கே பிழைக்கிறது

‘எந்தத் திகதி இரட்சிக்கப்பட்டீர்கள்?’ கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும்போது கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் திணறுவார்கள். திகதி தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் உயிரோடுதான் இருக்கிறார்கள். பிறந்த சாட்சிப்பத்திரம் தொலைந்தவர் பிறக்கவில்லை என்று ஆகாது. திகதிக்குப் பேர்போனவர் ஜோன் வெஸ்லி. 1738 மே 24, லண்டனில் ஒரு கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை வாசிக்கக் கேட்டபோது அவர் இருதயம் அனலானது. இதை மேடையில் சொல்கிறவர்கள் மீதியைச் சொல்வதில்லை. அன்றிரவே ‘மகிழ்ச்சி எங்கே? இது விசுவாசமாக இருக்காது’ என்ற சோதனை அவருக்கு வந்தது. 1739 சனவரியில், தான் இப்போது கிறிஸ்தவன் இல்லை என்றே எழுதி வைத்தார். பிற்காலத்தில், ஏற்றுக்கொள்ளப்பட்ட உணர்வு விசுவாசத்துக்குக் கட்டாயம் என்ற தன் பழைய கருத்தையும் தளர்த்திக்கொண்டார். அவருடைய சபையிலிருந்து வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே இங்கே இறந்தார். இந்த நிச்சயத்தைப் பற்றிய போதனை எங்கள் ஊரில் இருநூறு வருடப் பழசு.

ஒவ்வொரு கூட்டத்திலும் முன்னுக்குப் போய் இரட்சிப்பின் ஜெபத்தை மறுபடி சொல்வது இன்னொன்று. இம்முறை மனப்பூர்வமாகச் சொன்னேனா என்ற சந்தேகத்துக்கு முடிவே கிடையாது. நன்கொடை உறுதியில் ஒருமுறை கையொப்பம் வைத்தால் போதும். அடுத்த நாள் வேண்டியது மறு கையொப்பம் அல்ல, வீட்டுக்குள் போய் அடுப்பு மூட்டுவது.

பாவத்தில் விழுந்தபின் வருகிற கலக்கத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். ஆவியானவர் உணர்த்தினால் அது குறிப்பாக இருக்கும்: நேற்றுச் சந்தையில் சொன்ன பொய், தம்பிக்குக் கொடுக்காத பங்கு. என்ன செய்யவேண்டும் என்பதும் கூடவே தெரியும். குற்றஞ்சாட்டுகிற குரல் புகைபோல: ‘நீ எப்போதும் இப்படித்தான், உனக்கு விமோசனம் இல்லை.’ பேதுரு மறுதலித்தான், அழுதான், திரும்பி வந்தான். யூதாசும் மனஸ்தாபப்பட்டான், காசைக்கூடத் திருப்பிக்கொடுத்தான், ஆனால் இயேசுவிடம் வரவில்லை. 2 கொரிந்தியர் 7:10 இந்த இரண்டு துக்கத்துக்கும் பெயர் வைத்திருக்கிறது: தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம்.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்ற பயம் இளம்பிள்ளைகளை அதிகம் பிடிக்கும். மத்தேயு 12இல் அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள்: கண்முன்னால் நடந்த ஆவியானவரின் கிரியையை அறிந்தே பிசாசின் வேலை என்று சொன்ன, மனந்திரும்ப எந்த விருப்பமும் இல்லாத ஆட்களுக்கு. செய்துவிட்டேனோ என்று அழுகிற மனம் அந்த மனம் அல்ல.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊரார் பகிடி பண்ணுவார்கள். பகிடி பகிடிதான்; ஆனாலும் செய்வினைப் பயம் நெஞ்சில் இருக்கிற புது விசுவாசிகளுக்கு அது சிரிப்பல்ல. பழைய நேர்த்தியை விட்டதால் வீட்டில் ஏதும் நடந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். அவர்களைப் பகிடி பண்ணாமல் ரோமர் 8:38-39ஐ ஆறுதலாக வாசித்துக் காட்டவேண்டும். அதிகாரங்கள், வல்லமைகள் என்று பவுல் பட்டியல் போட்டது இப்படிப்பட்ட பயம் உள்ள ஆட்களுக்காகவும்தான்.

இன்னுமொன்று, மிக முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு செல்லவில்லை, எதிலும் மனம் இல்லை என்றால் அது விசுவாசக் குறைவல்ல, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஒரே பாவத்தை ஒரு நாளில் பத்துத் தரம் அறிக்கையிட்டும் மனம் விடாமல் சுழன்றால் அதற்கும் மருத்துவம் உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். குளிசையையும் ஜெபத்தையும் எதிரிகளாக்குகிற ஆலோசனையைக் கேட்கவேண்டாம். ஓடிப்போய்ச் சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது நித்திரையும் சாப்பாடும், அதுவும் இரண்டு தரம் (1 இராஜாக்கள் 19).

இருபது நிமிடப் பழக்கம்

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு கொப்பியோடு இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒரே ஒரு வாக்குத்தத்தம். யோவான் 10:28 தொடங்க நல்லது. சத்தமாக மூன்று தரம் வாசியுங்கள். ஒரு வாரத்துக்கு அதே வசனம். நாளுக்கொரு வசனம் என்று தாவினால் ஒன்றும் வேர்விடாது.

அடுத்தது கவலை. பிலிப்பியர் 4:6 சொல்கிறபடி விண்ணப்பத்தைப் பெயர் சொல்லித் தெரியப்படுத்தவேண்டும். ‘எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்’ என்பது மிகவும் பொதுவானது. ‘வெள்ளிக்கிழமை கட்டவேண்டிய நகைக்கடை அடைவுக்காசு’ என்று எழுதுங்கள். அந்த வசனத்தில் ஸ்தோத்திரமும் இருக்கிறது. ஆகவே இன்று நடந்த மூன்று நன்மைகளையும் பக்கத்தில் எழுதுங்கள். கவலை தீரும் என்று அடுத்த வசனம் வாக்குக் கொடுக்கவில்லை, சமாதானம் காக்கும் என்றே கொடுக்கிறது. பவுல் போட்ட கிரேக்கச் சொல் பட்டணத்துக்குப் படைவீரர் போடுகிற காவலுக்கு உரியது. வெளியே ஆபத்து இருக்கும்போதுதான் காவல் தேவைப்படும்.

பிறகு அன்றைய பாவம். பெயர் சொல்லி ஒருமுறை அறிக்கையிட்டு 1 யோவான் 1:9ஐ வாசித்துக் கொப்பியை மூடிவிடுங்கள். யாருக்காவது பணமோ மன்னிப்போ கொடுக்கவேண்டியிருந்தால் அதற்கு நாள் குறியுங்கள். கைமாற்றாக வாங்கிய ஐயாயிரத்தைத் திருப்பாமல் அதற்காக உபவாசம் இருப்பதில் சமாதானம் கிடைக்காது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக்கொடுக்கிறேன் என்றான்.

கத்தோலிக்கர் இதே நேரத்தில், இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனையைச் செய்யலாம்: நன்றி, ஒளி கேட்டல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். ஆன்ம வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்ற அவருடைய விதி எல்லாச் சபையாருக்கும் பயன்படும். மனம் இருண்ட இரவில் சபையை விடுவது, ஊழியத்தை விடுவது போன்ற முடிவுகளை எடுக்கவேண்டாம்.

வெறுமையாக இருக்கிற நாட்களில் சங்கீதம் 88. நூற்றைம்பது சங்கீதங்களில் கடைசிவரை வெளிச்சம் வராமல் இருளிலேயே முடிவது அது. அதையும் ஜெபமாக வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

நினைவு தப்பிய பெரியவர்கள்

வயது போய் ஞாபகமறதி வந்த அம்மம்மா, பிள்ளைகளின் பெயரோடு இயேசுவின் பெயரையும் மறந்துவிட்டால் அவவுடைய இரட்சிப்பு என்னாகும் என்று வீட்டார் மெதுவாகக் கேட்பார்கள். பதில் கட்டுரையின் தொடக்கத்திலேயே இருக்கிறது: பதிவு வீட்டுப் பெட்டகத்தில் இல்லை. 2 தீமோத்தேயு 2:19 ‘கர்த்தர் தம்முடையவர்களை அறிவார்’ என்கிறது. அவ அவரை அறிந்திருக்கிறாவா என்பதில் அந்த வசனம் தொங்கவில்லை.

கட்டிலருகில் செய்யக்கூடியது சிறிது. வலது கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே இருந்து, சங்கீதம் 23ஐ அவ சிறுவயதில் படித்த பழைய மொழிபெயர்ப்பில் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். கத்தோலிக்க வீடென்றால் அருள்நிறை மரியே. புது மொழிபெயர்ப்பு வேண்டாம். காதில் பதிந்த பழைய சொல்தான் உள்ளே போகும். பழைய பாட்டு ஒன்றின் முதல் சரணம், ஒன்று மட்டும். ‘யார் என்று தெரியுதா?’ என்று சோதித்துப் பார்க்கவேண்டாம். உதடு அசைந்தால் கூடச் சொல்லுங்கள். அசையாவிட்டாலும் கடைசி வசனம்வரை சொல்லி முடித்துவிட்டுப் போர்வையைச் சரிசெய்யுங்கள்.